பச்சைச் சோடிக்கு நீலக் குஞ்சு: லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கான பரம்பரைக் கணக்கு

என்னிடம் குஞ்சு வாங்கிப் போனவர்கள் பிறகு தொலைபேசியில் அதிகம் கேட்கும் கேள்வி இது: “அக்கா, தாயும் பச்சை, தகப்பனும் பச்சை. மண்முட்டிக்குள்ள ஒரு குஞ்சு மட்டும் நீலமா இருக்கு. கூட்டில வேற ஆணும் இல்ல. எப்படி?” சிலர் குஞ்சுக்கு ஏதோ நோய் என்று பயப்படுகிறார்கள். சிலர் சோடியை விற்றவர் மேல் சந்தேகப்படுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. அந்த நீலம் தாயிடமும் இருந்தது, தகப்பனிடமும் இருந்தது. இரண்டிலும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையின் ஒரு பக்கத்தைக் கம்பிவலையால் அடைத்து, சோடி சோடியாகப் பிரித்து வளர்க்கிறேன். நிறம் பார்த்துச் சோடி சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நேரில் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓ/எல் விஞ்ஞானம் நினைவிருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். நாங்கள் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கும் பட்ஜரிகர் கிளிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அவுஸ்திரேலியக் காட்டில் பறக்கும் பட்ஜரிகர் பச்சை. ஆனால் அதன் இறகில் பச்சைச் சாயம் எதுவும் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பும் உள்ளே இருக்கும் கருநிறமியும் சேர்ந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அதே இறகில் மஞ்சள் நிறமியும் இருக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து எங்கள் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. மஞ்சளை உண்டாக்க முடியாத கிளி நீலமாகிவிடுகிறது. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மஞ்சளை உண்டாக்கும் நொதியத்தின் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். நீலக் கிளியில் அந்த நொதியத்தின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது.

ஒவ்வொரு கிளியிடமும் இந்த ஜீனின் இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. இரண்டில் ஒன்று நன்றாக வேலை செய்தாலே தேவையான மஞ்சள் வந்துவிடும், கிளி பச்சையாகவே இருக்கும். இரண்டும் வேலை செய்யாவிட்டால்தான் நீலம். பாடப் புத்தகம் இதைத்தான் பின்னிடைவு என்கிறது. நீலக் கிளி பலவீனமானது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளியே காட்டாது என்பதுதான் அர்த்தம்.

ஆக, பச்சைக் கிளியில் இரண்டு வகை. இரண்டு பிரதியும் பச்சையான சுத்தப் பச்சை ஒன்று. ஒன்று பச்சை, ஒன்று நீலம் என்று வைத்திருப்பது மற்றது. வளர்ப்பவர்கள் அதை ஸ்பிளிட் என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. “நான் பார்த்தாலே சொல்லிடுவன், இது ஸ்பிளிட்” என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சோடி சேர்த்தால் என்ன வரும்

கொப்பியில் பச்சைக்கு ‘ப’, நீலத்துக்கு ‘நீ’ என்று எழுதுங்கள். சுத்தப் பச்சை ‘பப’, ஸ்பிளிட் ‘பநீ’, நீலம் ‘நீநீ’. நான்கு கட்டம் கீறி, மேலே தகப்பனின் இரண்டு எழுத்தையும் பக்கத்தில் தாயின் இரண்டு எழுத்தையும் போட்டு, கட்டங்களில் சேர்த்து எழுதினால் விடை வந்துவிடும். ஒவ்வொரு குஞ்சும் இரு பக்கமிருந்தும் ஒவ்வொரு எழுத்தை மட்டுமே எடுக்கும்.

நீலத்துக்கு நீலம் சேர்த்தால் எல்லாம் நீலம். சுத்தப் பச்சைக்கு நீலம் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் பச்சை, ஆனால் எல்லாமே ஸ்பிளிட். புதிதாக வளர்ப்பவர்கள் மனம் உடைவது இந்த இடத்தில்தான். நல்ல நீலம் ஒன்றை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பார்கள், எல்லாக் குஞ்சும் பச்சையாக வரும், “நீலம் போயிட்டுது” என்று அந்தக் குஞ்சுகளை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். போகவில்லை தம்பி, ஒவ்வொரு குஞ்சுக்குள்ளும் இருக்கிறது. அந்தக் குஞ்சுகளில் ஒன்றை வேறு இடத்து நீலத்தோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குஞ்சு நீலமாகவும், மீதிப் பாதி ஸ்பிளிட்டாகவும் வரும். நீலம் வேண்டும் என்பவருக்கு நான் சொல்லும் சோடி இதுதான்.

இனி, இரண்டு ஸ்பிளிட். இதுதான் முதலில் சொன்ன தொலைபேசிக் கேள்வியின் விடை. நான்கில் ஒன்று நீலம், நான்கில் இரண்டு ஸ்பிளிட், நான்கில் ஒன்று சுத்தப் பச்சை. வெளிப்பார்வைக்கு மூன்று பச்சைக்கு ஒரு நீலம். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866-ல் வெளியிட்ட அதே மூன்றுக்கு ஒன்று.

கடைசியாக, ஸ்பிளிட்டுக்குச் சுத்தப் பச்சை சேர்த்தால் எல்லாம் பச்சை. பாதி ஸ்பிளிட், பாதி சுத்தம். எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

நான்கில் ஒன்று என்றால் நான்கு முட்டையில் கட்டாயம் ஒரு நீலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாக நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் மூன்று குஞ்சும் பச்சையாக வந்துவிட்டதால் நான்காவதின் வாய்ப்பு கூடிவிடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு ஸ்பிளிட் சேர்ந்த கூட்டில் நான்கு குஞ்சும் பச்சையாகவே வருவதற்கு 256-ல் 81 வாய்ப்பு, அதாவது கிட்டத்தட்ட மூன்று கூட்டில் ஒன்று. ஆகவே முதல் தடவை நீலம் வரவில்லை என்று சோடியைப் பிரித்துவிடாதீர்கள்.

“ஸ்பிளிட்” என்று சொல்லி விற்றால்

இரண்டு ஸ்பிளிட்டுக்குப் பிறந்த பச்சைக் குஞ்சுகளை எடுங்கள். நீலம் வெளியே தெரிந்துவிட்டதால் அதை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது மூன்று பங்கு பச்சை, அதில் இரண்டு பங்கு ஸ்பிளிட். ஆகவே அப்படியான ஒரு பச்சைக் குஞ்சு ஸ்பிளிட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, 66 சதவீதம் என்று சொல்வார்கள். ஸ்பிளிட்டுக்கும் சுத்தப் பச்சைக்கும் பிறந்த குஞ்சென்றால் 50 சதவீதம். தாயோ தகப்பனோ நீலம் என்றால் அதன் பச்சைக் குஞ்சு 100 சதவீதம் ஸ்பிளிட். அதில் சந்தேகமே வேண்டாம், நீலக் கிளியிடம் கொடுப்பதற்கு வேறு எழுத்து இல்லை.

இந்த மூன்றும் ஒரே விலைக்குரியவை அல்ல. ஆனால் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் பலர் மூன்றையும் “ஸ்பிளிட்” என்று ஒரே சொல்லில் விற்கிறார்கள். பலருக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியாது. அதனால் வாங்குபவர்தான் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் கலியாணப் பேச்சு வந்தால் முதலில் என்ன குடி, அதாவது எந்த வம்சம் என்று கேட்பது போல, கிளிக்கும் முதல் கேள்வி தாய் தகப்பன் என்ன நிறம் என்பதாக இருக்கட்டும். குடியைத் தாய் வழியில் மட்டும் கேட்போம், கிளிக்கு இரண்டு பக்கமும் கேளுங்கள். முடிந்தால் அந்தச் சோடியையே காட்டச் சொல்லுங்கள். நீலத் தாயோ தகப்பனோ கண்முன்னே இருந்தால் அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

தாய் தகப்பன் தெரியாத பச்சைக் கிளி கையில் இருந்தால் அதை நீலத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தாலும் முடிவு உறுதி: உங்கள் பச்சை ஸ்பிளிட். பச்சைக் குஞ்சுகள் மட்டும் வந்தால் முடிவு அவ்வளவு உறுதி இல்லை. ஸ்பிளிட் ஒன்று நீலத்தோடு சேர்ந்து வரிசையாக ஐந்து பச்சை தருவதற்கு 32-ல் ஒரு வாய்ப்பு, ஏழு பச்சை தருவதற்கு 128-ல் ஒரு வாய்ப்பு. இரண்டு கூடு பார்த்த பிறகு சுத்தப் பச்சை என்று எழுதிக்கொள்ளலாம். இதில் வீணாகப் போவது எதுவும் இல்லை, பிறக்கும் பச்சைக் குஞ்சுகள் எல்லாம் 100 சதவீத ஸ்பிளிட்தானே.

மஞ்சளும் வெள்ளையும்: இங்கே ஆண் பெண் பார்க்க வேண்டும்

சிவப்புக் கண்ணுள்ள மஞ்சள் கிளி லுட்டினோ, சிவப்புக் கண்ணுள்ள வெள்ளைக் கிளி அல்பினோ. இரண்டுக்கும் காரணம் இனோ என்ற ஒரே ஜீன். கருநிறமியை அது நீக்கிவிடுகிறது. பச்சைக் கிளியில் கருமை போனால் மஞ்சள் மட்டும் மிஞ்சும். மஞ்சளும் இல்லாத நீலக் கிளியில் கருமை போனால் வெள்ளை.

இனோவும் பின்னிடைவானதுதான், ஆனால் அது இலிங்க நிறமூர்த்தத்தில், அதாவது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. மனிதரில் ஆணிடம்தான் இரண்டு வேறு வகை நிறமூர்த்தங்கள், எக்ஸ் ஒன்றும் வை ஒன்றும். பறவைகளில் மறுபக்கம். ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இனோ ஜீன் இசட்டில் இருக்கிறது. ஆகவே பெண்ணிடம் ஒரே ஒரு பிரதி. இருந்தால் வெளியே தெரியும், தெரியாவிட்டால் இல்லை. பெண் கிளி இனோவுக்கு ஸ்பிளிட்டாக இருக்கவே முடியாது. “இனோ ஸ்பிளிட் பெண்” என்று யாராவது விற்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

இனி, மகள் தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்துதான் எடுக்கிறாள். மகன் இருவரிடமிருந்தும் எடுக்கிறான். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும். லுட்டினோ ஆணைச் சாதாரணப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால் மகள்கள் எல்லாரும் லுட்டினோ, மகன்கள் எல்லாரும் பச்சை, இனோ ஸ்பிளிட். குஞ்சுக்கு இறகு முளைத்த உடனேயே நிறத்தை வைத்து ஆண் பெண் சொல்லிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த சோடி இது. மாற்றிப் போட்டு, பச்சை ஆணை லுட்டினோ பெண்ணோடு சேர்த்தால் ஒரு மஞ்சள் குஞ்சும் வராது. மகன்கள் எல்லாரும் ஸ்பிளிட், மகள்களுக்கு ஒன்றும் போகாது. இனோ ஸ்பிளிட் ஆணைப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால் மகள்களில் பாதி லுட்டினோ, மகன்கள் எல்லாரும் பார்வைக்குப் பச்சை, அதில் பாதி ஸ்பிளிட். இருபுறமும் லுட்டினோ என்றால் எல்லாம் லுட்டினோ.

ஏறாவூரிலிருந்து வரும் ஒரு தம்பி ஒருநாள் குழம்பிப்போய்க் கேட்டார்: “அக்கா, ஆண் வெள்ளை, பெண் பச்சை. மஞ்சள் குஞ்சு எப்படி வரும்?” கொப்பியை எடுத்துப் போட்டுக் காட்டினேன். அல்பினோ ஆண் என்றால் நீலமும் இனோவும் சேர்ந்தது. மகள்கள் தகப்பனிடமிருந்து இனோவை எடுக்கிறார்கள், கருமை போய்விடும். தாய் சுத்தப் பச்சை, அவளிடமிருந்து ஒரு நல்ல மஞ்சள் பிரதி கிடைக்கும். கருமை இல்லை, மஞ்சள் இருக்கிறது, ஆகவே லுட்டினோ. அந்த மகள்கள் நீலத்துக்கு ஸ்பிளிட். மகன்கள் பச்சை, நீலத்துக்கும் இனோவுக்கும் ஸ்பிளிட். இதை ஒருமுறை நீங்களாகவே எழுதிப் பார்த்துவிட்டால் இந்தக் கட்டுரையில் கடினமான பகுதி முடிந்தது.

முட்டிக்குள் பார்க்கும்போது ஒரு கவனம். இனோக் குஞ்சின் கண் பொரித்தது முதல் இளஞ்சிவப்பாகத் தெரியும். சினமன் என்ற இன்னொரு வகைக் குஞ்சின் கண்ணும் முதல் நாட்களில் செங்கருமையாகத் தெரிந்து பிறகு இருண்டுவிடும். இறகு முளைக்கும்வரை யாருக்கும் “லுட்டினோ வந்திருக்கு” என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆண் பெண் பார்க்க மூக்கின் மேலுள்ள சதையைப் பார்ப்போம்: வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்குக் கபிலம். ஆனால் லுட்டினோ, அல்பினோ, பின்னிடைவுப் பைட் (திட்டுத் திட்டாக நிறம் விட்ட வகை, கீழே சொல்கிறேன்) ஆண்களுக்கு அது நீலமாகாது, ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவே இருந்துவிடும். இந்த மூன்று வகையிலும் நீலத்தைத் தேடினால் ஆணைப் பெண் என்று எழுதிவிடுவோம், பிறகு மேலே சொன்ன கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும்.

கனடாவில் இருக்கும் என் பெரியம்மா மகன் சோளப்பாம்பு வளர்க்கிறான். நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு, அங்கே வீட்டில் வளர்ப்பது சாதாரணம். நாங்கள் ஸ்பிளிட் என்பதை அவர்கள் ஹெட் என்கிறார்கள். 66 சதவீதம், 50 சதவீதம் எல்லாம் அவர்களிடமும் அப்படியே உண்டு, விளம்பரத்திலேயே எழுதி விற்கிறார்கள். ஒரு தடவையில் 10, 20 முட்டை வருவதால் கணக்கும் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சோளப்பாம்பின் வழக்கமான அல்பினோ இலிங்க நிறமூர்த்தத்தில் இல்லை. எங்கள் நீலத்தின் கணக்குத்தான் அதற்கும், ஆண் பெண் பார்க்கத் தேவையில்லை. ஒரே பெயர் என்பதற்காக ஒரு உயிரின் கணக்கை இன்னொன்றுக்குத் தூக்கிப் போடக்கூடாது.

இரண்டு குணம் ஒன்றாக வேண்டும் என்றால்

பின்னிடைவுப் பைட் என்பது திட்டுத் திட்டாக நிறம் விட்ட கிளி. 1930-களில் டென்மார்க்கில் தெரியவந்ததால் டெனிஷ் பைட் என்றும் சொல்வார்கள். நீல நிறத்தில் இந்தப் பைட் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நீலம் ஒன்றையும் பச்சைப் பைட் ஒன்றையும் சேர்த்தால், இரண்டு பக்கமும் வேறு ஸ்பிளிட் எதுவும் இல்லாதபோது, எல்லாக் குஞ்சும் வெறும் பச்சை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டுக்கும் ஸ்பிளிட். அப்படியான இரண்டைச் சேர்த்தால் நீலப் பைட் 16-ல் ஒன்று. ஒரு கூட்டில் சாதாரணமாக நான்கு முதல் ஆறு முட்டை. 16-ல் ஒன்றுக்குக் காத்திருப்பது நீண்ட வேலை. அதைவிட, இரட்டை ஸ்பிளிட் ஒன்றை எங்காவது தேடிப் பிடித்த நீலப் பைட்டோடு சேர்த்தால் நான்கில் ஒன்று கிடைக்கும். நீலப் பைட் கிடைக்கவில்லையா, பச்சைப் பைட் ஒன்றும் நீலம் ஒன்றும் வாங்கும்போதே அந்தப் பைட் நீலத்துக்கு ஸ்பிளிட்டா என்று கேட்டு வாங்குங்கள். பாதி வழி அங்கேயே முடிந்துவிடும்.

ஆட்சியான பைட் என்று இன்னொரு வகையும் உண்டு, ஒரு பிரதி இருந்தாலே தெரியும். இரண்டையும் பிரிக்கக் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த ஆட்சிப் பைட்டின் கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும், பின்னிடைவுப் பைட்டின் கண் வளையமில்லாமல் முழுக் கறுப்பு. மஞ்சள் முக நீலங்களின் கணக்கு தனி, இதில் கலக்க வேண்டாம்.

கூடும் கொப்பியும்

எல்லாக் கிளியையும் ஒரே பெரிய கூட்டில் விட்டு, சுவர் நிறைய முட்டி கட்டித் தொங்கவிட்டு வளர்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். பார்க்க அழகுதான். ஆனால் பெண் தன் சோடியோடு மட்டும் நிற்பாள் என்று சொல்ல முடியாது. தகப்பன் யார் என்று தெரியாத இடத்தில் எந்தப் பரம்பரைக் கணக்கும் நிற்காது. நிறம் பார்த்து வளர்ப்பதென்றால் ஒரு கூட்டுக்கு ஒரு சோடி. ஒரு பெண்ணைப் புதுச் சோடிக்கு மாற்றுவதானால் இடையில் மூன்று வாரமாவது ஆணில்லாமல் தனியே வையுங்கள். பழைய ஆணின் விந்து அவள் உடலில் சில நாட்கள் உயிரோடு இருக்கும், புதுக் கூட்டில் இடும் முதல் முட்டைகள் பழையவனுடையதாக இருக்கலாம்.

ஒவ்வொரு குஞ்சுக்கும் காலில் வளையம் போடுங்கள். மூடிய வளையம் என்றால் குஞ்சு ஐந்து முதல் பத்து நாள் வயதில் போட வேண்டும், பிறகு கால் நுழையாது. கிடைக்காவிட்டால் திறந்த பிளாஸ்டிக் வளையம் போதும், நிறமும் இலக்கமும் இருந்தால் சரி. கொப்பியில் ஒரு கிளிக்கு ஒரு பக்கம்: வளையம், பொரித்த திகதி, தாய், தகப்பன், கூடப் பிறந்தவற்றின் நிறம், கண் நிறம். “பச்சை” என்று மட்டும் எழுதாதீர்கள். “பச்சை, நீலத்துக்கு 100 ஸ்பிளிட், தகப்பன் நீலம்” என்று காரணத்தோடு எழுதுங்கள். கிளியை விற்கும்போது அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் எல்லாரும் இதைச் செய்தால் எங்களுக்குள் கிளி மாற்றிக்கொள்வது எவ்வளவு சுலபமாகிவிடும்!

இதை நான் இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணம் இருக்கிறது. நீலம் சீக்கிரம் வர வேண்டும் என்று கூடப் பிறந்த ஸ்பிளிட் குஞ்சுகளையே சோடி சேர்ப்பவர்கள் அதிகம். நீலம் வரும், உண்மை. ஆனால் அந்தச் சோடியின் குஞ்சில், எந்த ஜீனை எடுத்தாலும், ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரண்டு பக்கத்தாலும் வந்து சேர நான்கில் ஒரு வாய்ப்பு. தகப்பனையும் மகளையும் சேர்த்தாலும் அதே நான்கில் ஒன்று. மறைந்திருப்பது நீலம் மட்டும் இல்லையே. பலவீனமும் பொரியாத முட்டையும் குறைபாடுள்ள காலும் அதே வழியில்தான் வெளியே வருகின்றன. இரண்டு வீட்டுக் கிளிகளை மாற்றிக்கொண்டாலே இதைத் தவிர்க்கலாம். ஆரையம்பதியில் ஒருவரும் நானும் பல காலமாக ஸ்பிளிட் ஆண்களை மாற்றிக்கொள்கிறோம், இருவர் கொப்பியிலும் இரண்டு வீட்டுப் பெயரும் இருக்கிறது.

இப்போதே தொடங்க நினைப்பவருக்கு என் ஆலோசனை: ஒரு வயது நிரம்பிய நீல ஆண் ஒன்று, தாயோ தகப்பனோ நீலம் என்று உறுதியான பச்சைப் பெண் ஒன்று, வேறு வேறு வீட்டில் வாங்குங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அடைமழையில் முட்டி நனைந்து குஞ்சு குளிரில் வாடும், அந்தக் காலம் வேண்டாம். மழை ஓய்ந்த பிறகு முட்டியோ பலகைப் பெட்டியோ வையுங்கள். தினையும், கடற்கரையில் பொறுக்கிக் கழுவிக் காயவைத்த கணவாய் ஓடும், முருங்கை இலையும் எப்போதும் கூட்டில் இருக்கட்டும். முட்டைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், ஒவ்வொன்றும் சுமார் 18 நாளில் பொரிக்கும். பாதி நீலம் எதிர்பார்க்கலாம். பச்சையாக வந்த குஞ்சுகளை மலிவாகத் தள்ளாமல், கொப்பியில் 100 ஸ்பிளிட் என்று எழுதி வையுங்கள்.